ஓடுமா

தொண்ணூறடிச் சாலையில் மாடிப்படிக்குக் கீழே என் கடை.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்,
எது வந்தாலும் வெட்டி ஒட்டித் தருவேன்.
தாராவியில் மழை. வேலை குறைவு.
தண்ணீர் ஷட்டருக்கு உள்ளே அரையடி வந்து
எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது.

மைமூன் பீவி செல்பேசியை மேசையில் வைத்தார்.
விரல்நுனியில் தோல்பசை காய்ந்திருந்தது.
"பதினொரு செகண்டு இருக்கு. வேற இல்ல."

பந்தியிலிருந்து எழுந்து
கை கழுவப் போகிறான் ஒரு பையன்.
இடதுகால் தரையில் அரைவட்டம் வரைந்து
பிறகுதான் முன்னால் விழுகிறது.
கேமரா அவனை எடுக்க வரவில்லை.
மணப்பெண்ணைத் தேடிப் போகிற வழியில்
அவனைக் கடந்து போகிறது.

எங்கே ஓடிப்போனான் என்று கேட்டுவிட்டேன்.
"ஓடிப்போகல. இறங்கிப் போனான்.
கல்யாணுக்கு முன்னால எங்கயோ ரயில் நின்னுச்சு,
எறங்கிட்டான். பேர் கேட்டா சொல்லமாட்டான்,
பேச்சு வராது தங்கச்சி மவனுக்கு."

போட்டோ ஒட்டியாயிற்று, பதினாறு ஸ்டேஷனில்.
சுவரில் நின்றால் எல்லாப் பையனும் ஒரே பையன்.
நடந்தால்தான் நிஸ்தார்.

ஆனால் இந்த வீடியோ எங்கும் ஓடவில்லை.
கல்யாண் ரயில்வே போலீஸ் கம்ப்யூட்டரில் திரை கறுப்பு,
சத்தம் மட்டும் வந்ததாம்.
"தால்ச்சா! இந்தப் பக்கம் தால்ச்சா!" என்று
இருட்டிலிருந்து யாரோ கத்த
ஏட்டு சிரித்தாராம்.
கர்ஜத் டீக்கடைப் போன் திறக்கவே மறுத்தது.
கேபிள்காரர் டிவியில் படம் சாய்ந்துபோய்
பையன் சுவர்மேல் நடந்தானாம்.

"எம்பி4ங்கறது வெறும் பெட்டிக்கா.
உள்ள எப்படி மடிச்சிருக்குங்கறதுதான் விஷயம்.
இது வெல கூடின போன், புது மடிப்பு.
பழைய மெஷினுக்குப் பிரிக்கத் தெரியாது."
"அப்ப பழைய மடிப்பா மடி."

அவ்வளவுதான். நான் மூன்று நாள் படித்தது.

எம்கேவி எதையும் வாங்கிக்கொள்ளும், எல்லா வீட்டிலும் திறக்காது.
வெப்எம் பிரவுசரில் அழகு, ஆனால் ஏட்டின் பிரவுசர்
அவர் வேலைக்குச் சேர்ந்த வருடத்தோடு நின்றுவிட்டது.
264 எடுத்தேன், அதிலும் ஆகப் பழைய பேஸ்லைன்.
ஒலிக்கு ஏஏசி.
சாய்வை மனப்பாடமாய் வைத்துக்கொள்ளாமல்
படத்தையே நிமிர்த்தி எழுதினேன்.
பட்டன் போன்களுக்கென்று தனியாக ஒரு 3ஜிபி.
அளவைக் குறைக்கக் குறைக்க
நெற்றித் தழும்பு இரண்டு சதுரமாகி, ஒன்றாகி,
தோல் நிறத்தோடு போய்விட்டது.

கையை எடுத்துவிட்டேன் எலியிலிருந்து.
போலீஸ் தாளில் அடையாளம் என்று எழுதியிருப்பதே அதுதான்.

"தழும்பு போனா போவட்டும்.
நடை வரணும்."

அதனால் விநாடிக்கு முப்பது சட்டகத்தில்
ஒன்றைக்கூடத் தொடவில்லை.
பதினைந்தாக்கினால் கோப்பு இன்னும் சின்னதாகும்.
அரைவட்டம் உடையும்.
எல்லோரையும் போல நடந்துவிடுவான்.

பக்கத்துக் கடை டிவியில் பென் டிரைவ் போட்டுப் பார்த்தேன்.
சலூன்காரர் போனில்.
எதிர் மாடியில் ஸ்கூல் பிள்ளையின் உடைந்த டேப்லெட்டில்.
கைகழுவப் போனான், போனான், போனான்.
யாருடைய கையில் எது இருக்கும்
என்று தெரியாத ஊர்களுக்கு அனுப்பினோம்.
அந்த இரண்டு கல்யாண ஆல்பத்தையும் நான் இன்னும் முடிக்கவில்லை.

வியாழன் ராத்திரி ஒரு எண். வாங்கணி,
ஸ்டேஷன் வாசலில் பூக்கடை, மராத்தி.
படம் ஓடுது, சத்தம் வரல, பரவாயில்லையா?
பரவாயில்லை என்றேன்.
சத்தத்தில் அவன் இல்லை.

"வைக்காதீங்க. தம்பி போன்ல இன்னொரு தடவை பாக்குறேன்."

அந்தப் பக்கம் ஒரு லோக்கல் போனது.
மைமூன் பீவி என் முகத்தைப் பார்க்காமல்
ஷட்டர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மனதுக்குள் பதினொன்று எண்ணினேன்.
அவர் பேசவில்லை.
மறுபடி
முதலிலிருந்து ஓட்டுகிறார்.